எவர்சில்வர் தட்டின் மேல் ஒரு மவுஸ்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் இனிமேல் மனிதருக்கு மனிதர் ஜோடி கிடையாதாம். நிரல் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு செயற்கை அறிவு உதவியாளரை ஜோடியாகக் கொடுத்துவிட்டார்கள். அதைக் கொண்டாடக் கம்பெனியின் உள்பத்திரிகையில் சிறப்பிதழ் போடுகிறார்கள். ஜனனி என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது சிறப்பிதழுக்கு ஆசிரியர். "பழைய ஜோடி முறையைப் பத்தி நீங்க எழுதணும் மேடம். ஒரு ஐந்நூறு வார்த்தை. கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா இருந்தா நல்லது" என்றாள். ஐந்நூறு வார்த்தையில் அடங்குகிற விஷயம் இல்லை இது. இன்ஸ்பைரிங்காக வருமா என்பதும் சந்தேகம். இருந்தாலும் எழுதுகிறேன். அவள் போடாவிட்டால் ஆரணியில் யாராவது படித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் சுலோச்சனா. பிறந்தது சந்தவாசல் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவருக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. ஆரணியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, வேலூரில் கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் மூன்று கம்பெனி மாறி, நாலாவதில் நிலைத்தேன். முப்பது வருடத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டேன். பாக்கி இருப்பது கடைசி நாலு வருடம், அதைத்தான் விலாவாரியாகச் சொல்லப்போகிறேன்.

ஊரடங்கின்போது எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கணவர் ஏழுமலைக்குச் செய்யாறு தொழிற்பேட்டையில் ஷிப்டு சூப்பர்வைசர் வேலை. வீடு ஆரணியில். அதுவரை வாரக் கடைசிக்கு மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்த நான், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டேன். ஊரடங்கு முடிந்த பிறகும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. எங்கள் அலுவலக மாடியை அதற்குள் வேறு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு ஊரில் இருந்தோம். இப்படிச் சிதறிப்போனவர்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு மேலிடம் கண்டுபிடித்த கயிறுதான் ஜோடி வேலை.

ஒரு நிரலை இரண்டு பேர் சேர்ந்து எழுத வேண்டும். கீபோர்டைப் பிடிப்பவர் டிரைவர். அவர் தட்டுவதைத் தன் திரையில் பார்த்துக்கொண்டே, இது சரி, அது தப்பு, அங்கே பள்ளம் என்று சொல்பவர் நேவிகேட்டர். அரை மணிக்கு ஒரு தரம் இடம் மாற வேண்டும். லாரியில் டிரைவரும் கிளீனரும் செய்கிற அதே வேலைதான். கிளீனர் என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள் என்பதால் நேவிகேட்டர் என்று பெயர் வைத்தார்கள்.

என் ஜோடி போலந்து நாட்டில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். பெயர் மார்த்தா. நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், புருஷன் உடன் இல்லை. எனக்கு நிரந்தர வேலை, அவளுக்கு ஒப்பந்த வேலை. ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவள் ஊரில் இந்த வேலைக்கு வேறு கம்பெனியும் கிடையாது. இதையெல்லாம் முதல் வாரமே சொல்லிவிட்டாள். அழுதுகொண்டு அல்ல, நாம் ரேஷன் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்குக் காலை எட்டு மணி என்றால் எனக்குப் பதினொன்றரை. அதிலிருந்து மாலை வரை சேர்ந்து வேலை செய்வோம். அவள் நாட்டில் இருக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கு, எந்த நோயாளி எந்த நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முறை போட்டுச் செய்தி அனுப்புகிற மென்பொருள் எங்களுடையது.

இங்கே என் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் உட்கார்ந்த அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தனபால் நாலு விசைத்தறி ஓட்டுகிறார். காலை எட்டு மணிக்கு டடக் டடக் என்று ஆரம்பித்தால் மேசை மேல் இருக்கும் டம்ளர் தானாக நகரும். முதல் நாள் மார்த்தா பயந்துபோய், உங்கள் வீட்டை இடிக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை, புடவை நெய்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை.

அதனால் நான் எப்போதும் மியூட்டில் இருந்தேன். அவள் பேசுவாள், நான் கேட்பேன். பதில் சொல்ல ஒவ்வொரு தடவையும் மியூட்டை எடுத்துத் தறிச் சத்தத்தை அவள் காதில் கொட்டி மறுபடி மூடுவது பெரிய பேஜாராக இருந்தது. நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பொதுத் திரையில் என் மவுஸ் அம்புக்குறி என் பெயரோடு தெரியும். அதை இடமும் வலமுமாக ஆட்டினால் ஆமாம். வட்டம் போட்டால் சந்தேகம், நிறுத்து. எங்கள் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் சுமார்தான். அம்புக்குறி எங்கள் ஆங்கிலத்தைவிட நன்றாகப் பேசியது. அந்த முறையில் இரண்டு வருடம் ஒரு தப்பும் இல்லாமல் வேலை செய்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அப்புறம் ரகுநாதன் வந்தார். எங்கள் மேலாளர். சென்னையில் இருந்தார் என்று சொல்லிக்கொண்டார்கள். நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கேமராவுக்குப் பதிலாக ஒரு பனிமலை முன்னால் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கிற படம்தான் தெரியும். அவர் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. தொண்டையைச் செருமுவார். பிறகு மிக மெதுவாக, "நான் குறை சொல்லலைங்க. ஒரு சின்ன அப்சர்வேஷன்" என்பார். அந்த வார்த்தை வந்தால் யாருடைய தலையோ உருளப்போகிறது என்று அர்த்தம். யார் எது கேட்டாலும், "ரொம்ப நல்ல பாயிண்ட். எழுத்துல அனுப்பிடுங்க" என்பார். அனுப்பினால் பதில் வராது.

அவர் செய்த முதல் சீர்திருத்தம் பச்சைப் புள்ளி. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி. மவுஸ் அசைந்துகொண்டிருந்தால் பச்சை. ஐந்து நிமிடம் அசையாவிட்டால் மஞ்சள். வெள்ளிக்கிழமைதோறும் 'ஜோடி ஆரோக்கிய அறிக்கை' வரும். யார் எவ்வளவு நேரம் பச்சையாக இருந்தார்கள், எவ்வளவு நேரம் மஞ்சளாக இருந்தார்கள் என்று கலர் கட்டம். நிரல் ஓடுகிறதா என்பதற்கு அதில் கட்டம் இல்லை. நேவிகேட்டர் வேலையே பார்ப்பதும் யோசிப்பதும்தான். யோசிக்கிறவள் கை சும்மாதான் இருக்கும். ஒரு நாள் கடினமான ஒரு இடத்தை ஏழு நிமிடம் கண் கொட்டாமல் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்தேன். அந்த வாரம் எனக்குத்தான் மஞ்சள் அதிகம்.

இரண்டாவது சீர்திருத்தம் என் ஊரைப் பற்றியது. நான் ஆரணியில் இருக்கிறேன் என்று எப்படியோ தெரிந்துகொண்டார். "நீங்க வீவிங் ஃபேமிலியா? தறியில ரெண்டு பேர் ஜோடியா நெய்வாங்களே. அதையும் இதையும் கனெக்ட் பண்ணி ஒரு டாக் குடுங்க" என்றார். "இல்லைங்க சார், எங்க வீட்ல கழனி வேலைங்க. தறியை நான் ஜன்னல் வழியாதான் பார்த்திருக்கேன்" என்றேன். "ரொம்ப நல்ல பாயிண்ட். அதையும் சேர்த்துக்குங்க" என்றார். ஆரணியில் பிறந்தவர்கள் எல்லோரும் தொட்டிலிலிருந்தே பட்டு நெய்வதாகச் சென்னையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை உடைக்க என்னால் ஆகவில்லை.

வேறு வழி இல்லாமல் தனபாலிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஜோடியா நெய்யறதப் பத்தி எதனா சொல்லு தனபாலு. கம்பெனியில பேசணும்" என்றேன்.

"அது கைத்தறிக்கா. எங்க சித்தப்பா வூட்ல பார்டர் போட ரெண்டு பேர் குந்திகினு நெய்வாங்க. இது கரண்ட் தறி. சுவிட்ச் போட்டா அது பாட்டுக்கு ஓடிகினு இருக்கும், நான் டீ குடிக்கப் போயிடுவேன்."

"நீ இல்லாத நேரத்துல எதனா ஆனா?"

"நூல் அறுந்தா தானா நின்னுடும்க்கா. நான் வந்து முடிச்சுப் போட்டாதான் மறுபடியும் ஓடும். அது கூட இல்லன்னா என்னா தறி?"

இதை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? இல்லாத தாத்தா ஒருவரை நானே உண்டாக்கி, அவர் தறியில் உட்கார்ந்து என்னிடம் சொல்லாத பொன்மொழிகளையெல்லாம் சொல்ல வைத்தேன். எல்லோரும் கை தட்டுகிற படம் போட்டார்கள். மார்த்தா மட்டும் பிறகு தனியாக, உன் தாத்தா கூலி வேலை செய்தார் என்றல்லவா சொன்னாய் என்று கேட்டாள். அம்புக்குறியால் ஒரு வட்டம் போட்டேன்.

தட்டுக்கு வருகிறேன். மஞ்சள் புள்ளி என் சம்பள உயர்வைப் பிடித்துவிடும் என்ற பேச்சு வந்த மாதம் அது. தனபால் கறிவேப்பிலை கேட்டு வந்தவர், நான் கண் திரையிலும் கை மவுஸிலுமாகச் சும்மா ஆட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்தார்.

"என்னாக்கா, வாயே தொறக்காம எலியைப் புடிச்சி ஆட்டிகினே இருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். சமையல் கட்டுக்குள் போய் ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துவந்தார். மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார். தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மவுஸை வைத்தார். அந்தப் பக்கம் நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. தட்டு நடுங்கியது, மவுஸ் நடுங்கியது, திரையில் அம்புக்குறி இடமும் வலமுமாக ஆடியது. புள்ளி பச்சை.

"போய் வேலையைப் பாருங்கக்கா. எங்க தறி உங்களுக்கும் சேர்த்து வேலை செய்யும்" என்றார்.

நான் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. பாத்ரூம் போகவும், குக்கரை இறக்கவும், சிலிண்டர் வந்தால் கையெழுத்துப் போடவும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அந்த வாரம் என் கட்டம் முழுப் பச்சை. அடுத்த வாரமும் அப்படியே. பத்து நிமிடம் இருபது ஆனது. அது எப்படி ஆனது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அக்டோபரில் ஒரு நாள் மதியம். மார்த்தா டிரைவர், நான் நேவிகேட்டர். வாசலில் கத்திரிக்காய் வண்டி வந்தது. மவுஸைத் தட்டின் மேல் வைத்துவிட்டுப் போனேன். புழு இருக்கிறதா என்று ஒவ்வொரு கத்திரிக்காயாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு கிலோ பொறுக்கினேன். அவ்வளவு கவனமாக நான் அந்த மாதம் வேறு எதையும் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது மார்த்தா வேலையை முடித்துப் பதிவேற்றியிருந்தாள். இயர்போனை மாட்டிக்கொண்டு, அம்புக்குறியை ஆட்டி, நன்று என்றேன். விதி அப்படி: டிரைவர் பெயரில்தான் பதிவாகும். மார்த்தாவின் பெயரில் பதிவானது.

அவள் நாட்டில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. எனக்கு அது மார்த்தாவின் பழக்கமாகத்தான் தெரியும்: நவம்பர் வந்தால் அவள் பதினொன்றரைக்குப் பதில் பன்னிரண்டரைக்கு வருவாள், அவ்வளவுதான். அடுத்த முறையைக் கணக்குப் போடும் பகுதியை அந்த மாதத் தொடக்கத்தில் புதிதாக மாற்றி எழுதியவள் நான். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தவருக்கு அடுத்த முறை எப்போது? எழுபத்திரண்டு மணி நேரம் கூட்டு, திங்கள்கிழமை காலை ஏழு மணி. ஆரணியில் இந்தக் கணக்கு என்றைக்கும் தப்பாது. மார்த்தாவின் ஊரில் அந்த ஒரு வாரம் மட்டும் திங்கள்கிழமை காலை ஆறு மணி என்று வரும்.

வந்தது. புதுக் கணக்கை முதலில் விட்டிருந்த ஒரு சின்ன ஊர் மையத்தில் ஒன்பது நோயாளிகளுக்கு ஆறு மணிக்கு வரச் சொல்லிச் செய்தி போய்விட்டது. மையம் திறப்பது ஏழு மணிக்குத்தான். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் மனிதர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், பூட்டிய கதவுக்கு முன்னால் குளிரில் ஒரு மணி நேரம் நின்றார்கள். ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நான் இப்போதும் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ரகுநாதன் மூன்று பேருக்கு மட்டும் மீட்டிங் போட்டார். அவர், மார்த்தா, நான். தொண்டையைச் செருமினார். கடிகார மாற்றத்தைப் பார்த்தீர்களா என்று மார்த்தாவிடம் கேட்டார். பதிவேற்றுவதற்கு முன் சுலோவிடம் கேட்டேன், உன் பகுதி அதைக் கவனித்துக்கொள்கிறதா என்று, ஆமாம் என்று பதில் வந்தது என்றாள் மார்த்தா.

"நீங்க ஆமான்னு சொன்னீங்களா சுலோச்சனா?"

"எனக்கு ஞாபகம் இல்லைங்க சார்" என்றேன்.

அது பொய் இல்லை. கத்திரிக்காய் வண்டியில் இருந்தவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? ஆனால் அது உண்மையும் இல்லை. மார்த்தா மீட்டிங்கை விட்டுப் போனதும் அவர் தமிழில், "நல்லவேளை, டிரைவர் நீங்க இல்லை. அறிக்கையில ஒரு பேர்தான் போட முடியும். எப்படியும் அவங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது" என்றார். அவருக்குச் சிக்கல் தீர்ந்துவிட்ட நிம்மதி குரலில் தெரிந்தது.

ஜோடி வேலை எல்லாவற்றையும் பதிவு செய்து வைப்பார்கள், பயிற்சிக்காக. யாரும் திறந்து பார்த்ததில்லை. அன்றைக்கு நான் திறந்தேன். மார்த்தா தட்டிக்கொண்டே போகிறாள். நிறுத்துகிறாள். சுலோ, கடிகார மாற்றத்தை உன் பகுதி கவனித்துக்கொள்கிறதா என்கிறாள். என் பெயர் ஒட்டிய அம்புக்குறி இடமும் வலமுமாக ஆடுகிறது. நிச்சயமாகவா என்று இரண்டாவது தடவையும் கேட்கிறாள். அம்புக்குறி ஆடுகிறது. நன்றி சுலோ என்கிறாள். தனபால் வீட்டுத் தறிக்கு அவள் நன்றி சொன்னதைப் பார்த்து எனக்கு அவமானமாக இருந்தது. முப்பது வருட வேலையில் அப்படி ஓர் அவமானம் எனக்கு ஏற்பட்டதில்லை. அப்போது யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது அதை இன்னும் மோசமாக்கியது.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நாலு நாள் சொல்லவில்லை. ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. பெயர் கெட்டுப் போவதைவிட, வாட்ஸப் குழுவில் என் தட்டைப் பற்றிச் சிரிப்பார்களே என்றுதான் அதிகம் பயந்தேன். மார்த்தா அந்த நாலு நாளும் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்தாள், வணக்கம் சொன்னாள், வேலை செய்தாள். நீ ஆமாம் என்றாயே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாலாவது நாள் கூரியரில் ஒரு சான்றிதழ் வந்தது, பிரேம் போட்டு. 'சிறந்த ஜோடி உறுப்பினர்.' தொடர்ந்து எட்டு வாரம் முழுப் பச்சையாக இருந்ததற்காக. மூலையில் ஒரு கைத்தறிப் படம். என் கணவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். தட்டின் கதை அவருக்குத் தெரியும், மார்த்தா கதையும் சொல்லியிருந்தேன்.

"எங்க ஃபேக்டரியில ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் பஞ்ச் பண்ணா சஸ்பெண்டு. உங்க கம்பெனியில அவார்டா?" என்றார். பிரேமைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு வேலை போவுது. நீ இதை எந்தச் சுவத்துல மாட்டப் போற?" என்று கேட்டார்.

மறுநாள் அதே மூன்று பேர் மீட்டிங். அறிக்கையை இறுதி செய்ய வேண்டும். மார்த்தாவின் பெயர் கட்டத்தில் ஏற்கெனவே தட்டப்பட்டிருந்தது. மியூட்டை எடுத்தேன். டடக் டடக் என்று சத்தம் உள்ளே புகுந்தது. கேமராவைப் போட்டேன். தட்டைத் தூக்கிக் காட்டினேன். அதன் மேல் மவுஸை வைத்துக் காட்டினேன். பச்சைப் புள்ளிக்காக இதைச் செய்தேன், மார்த்தா கேட்டபோது நான் அறையிலேயே இல்லை, வாசலில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன், ஆமாம் என்றது இந்தத் தட்டு, கணக்கும் என்னுடையது, தப்பும் என்னுடையது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

ரகுநாதனின் பனிமலை அப்படியே இருந்தது. புள்ளி பச்சையாக இருந்தது.

"சார்?" என்றேன்.

பதில் இல்லை. இன்னும் ஒரு தரம் கூப்பிட்டேன். பொதுத் திரையில் அவருடைய அம்புக்குறி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. மின்விசிறி தலையைத் திருப்புகிற வேகம். மார்த்தாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்தது. அந்த ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய் திறந்து குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அதையும் ஒரு டேபிள் ஃபேனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

பதினைந்து நிமிடம் கழித்துத் தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

"ரொம்ப நல்ல பாயிண்ட் சுலோச்சனா. எழுத்துல அனுப்பிடுங்க" என்றார் ரகுநாதன்.

அனுப்பினேன். 'தாங்கள் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தருகிறேன்' என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் எழுதி, பதிவின் நிமிடக் கணக்கைக் குறித்து, தட்டின் போட்டோவையும் சேர்த்தேன். நகலை மார்த்தாவுக்கும், அவள் நாட்டில் எங்கள் மென்பொருளை வாங்கியவர்களின் பொறுப்பாளருக்கும் போட்டேன். நகல் போடாமல் விட்டிருந்தால் அது இன்றைக்கும் ரகுநாதனின் பெட்டியில் நல்ல பாயிண்டாகவே இருந்திருக்கும்.

தனபாலிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தட்டு வைத்தது தன் யோசனைதானே என்று முகம் சுண்டிப்போனார்.

"எங்க தறியில நூல் அறுந்தா தானா நின்னுடும்க்கா. உங்க கம்பெனியில அது மாதிரி நிக்காதா?" என்று கேட்டார்.

நிற்காது என்றேன்.

மார்த்தாவின் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்தார்கள். என் பெயரையும் போடவில்லை, ஏனென்றால் அப்போது பச்சைப் புள்ளியைப் பற்றியும் எழுத வேண்டிவரும். காரணம் என்ற கட்டத்தில் 'சுற்றுப்புற அதிர்வு' என்று போட்டார்கள். மார்த்தாவின் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. என் சான்றிதழைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், கூரியர் செலவு என்னுடையது. 'பணியிடத்தில் நேர்மை' என்று ஆறு மணி நேர வகுப்பில் கட்டாயமாக உட்கார வைத்தார்கள். வகுப்பு முடியும்வரை புள்ளி பச்சையாக இருக்க வேண்டும் என்பது விதி. கையாலேயே ஆட்டினேன்.

அதற்குப் பிறகு மார்த்தா ஒரு நிபந்தனை வைத்தாள். அம்புக்குறி வேண்டாம், வாயால் சொல். தறிச் சத்தம் வருமே என்றேன். வரட்டும் என்றாள். கடைசி ஆறு மாதமும் மியூட் இல்லாமல், தனபாலின் நாலு தறியும் போலந்தில் கேட்கக் கேட்க வேலை செய்தோம். நூல் அறுந்து ஒரு தறி நின்றால் அவளே கண்டுபிடித்துவிடுவாள், ஒன்று குறைகிறதே என்பாள். கேள்வி கேட்டுவிட்டு நான் குரலில் பதில் சொல்லும்வரை தட்டாமல் காத்திருப்பாள். என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். மறக்கவில்லை என்பது அந்தக் காத்திருப்பில் தெரிந்தது. நானும் மறக்க விரும்பவில்லை.

ஜனனியின் செயற்கை அறிவு உதவியாளரைப் பற்றியும் கேட்டேன். "சூப்பர் மேடம். எது கேட்டாலும் உடனே ஆமான்னு சொல்லுது. புள்ளி எப்பவும் பச்சை" என்றாள். எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. அது இப்போது சமையல் கட்டில் இருக்கிறது, அப்பளம் வைக்கிறோம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு மார்த்தா வாரா வாரம் பேசுகிற அளவுக்கு எங்களுக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிறு மதியம் போன் அடித்தது. அவள்தான். இன்று எங்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டோம், கணக்கு சரியாகப் போகிறது, உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றாள். போனில் பேசுகிறேன் என்பதை மறந்து தலையை ஆட்டினேன். பதில் வராததால் அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சுலோ, இருக்கிறாயா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தனபால் வீட்டில் தறி ஓடாது. எனக்குப் பதிலாக ஆமாம் சொல்ல வேறு யாரும் இல்லை.

"இருக்கேன் மார்த்தா" என்றேன்.